வெள்ளை மூடிக் குப்பி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவள் என்பதால் நான் கத்தரி அக்கா என்பேன். நஞ்சை வெட்டுவது அவள் வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஒருநாள் வந்து அந்த மேசையில் உட்கார்ந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பது எங்கள் பிழைப்பு. அதற்கு அந்த நோயின் கிருமி சுரக்கும் நஞ்சு வேண்டும். அது எப்படிக் கொல்கிறது என்று யாராவது கேட்டால் போதும், அக்கா கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆரம்பிப்பாள்.

"ஒரே புரதச் சங்கிலி, அதுல மூணு பங்கு. ஒண்ணு உடம்புல இருக்கிற செல்லைக் கெட்டியா பிடிச்சுக்கும். இன்னொண்ணு உள்ள போக வழி பண்ணும். மூணாவதுதான் எமன். அது உள்ள போனா புரதம் தயாரிக்கிற வேலையே நின்னுடும். அடுப்பை அணைச்சுட்டா வீடு எவ்வளவு தாங்கும், சொல்லுங்க?"

அந்த மூன்றாவது பங்கு சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும். குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டு விழுந்தால்தான் அது கழன்று தன் வேலையைக் காட்டும். அந்த வெட்டை ஒரு நொதியைச் சொட்டுவிட்டு அக்கா போடுவாள். வெட்டாததற்கு வெள்ளை மூடி, வெட்டியதற்குச் சிவப்பு மூடி. வெள்ளையைத் 'தூங்குறது' என்போம், சிவப்பை 'முழிச்சது' என்போம். சிவப்பை எடுக்கும்போது இரட்டைக் கையுறை, பக்கத்தில் இன்னொரு ஆள், மூச்சுக்கூட அளந்துதான். வெள்ளைக்கு ஒற்றைக் கையுறை, ஊர்க்கதை, பாட்டு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பழகப் பழகத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு நான் குளிர் அறையில் இருந்தேன். அக்கா வெள்ளை மூடிக் குப்பியின் ரப்பரில் ஊசியைக் குத்தி உறிஞ்சியிருக்கிறாள். வெளியே இழுக்கும்போது ஊசி நழுவி இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்து, "வெள்ளைதானே?" என்று கேட்டாராம். "தூங்குறதுதான் சார்" என்று சொல்லிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மிச்ச வேலையைப் பார்த்திருக்கிறாள். சாப்பிடும்போது எங்களிடம் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். பெரிய படிப்பாளி அந்தத் தலைவர்! நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குறாரு, பொண்டாட்டி மட்டும் படியேறிச் சாகணும்" என்று அவள் தினமும் திட்டிக்கொண்டே எனக்கு முன்னால் ஓடுவாள். அடுத்த வாரம் ஒரு காலையில், அந்தத் திட்டைக் காணோம். திரும்பிப் பார்த்தால் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"தாறுமாறா அடிக்குதுடி." கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள். குத்திய இடம் ஆறவில்லை. "வெட்டாததை உள்ள வெட்ட ஆளில்லைன்னு நமக்கு யாருடி சொன்னா? ஒவ்வொரு செல்லும் சொந்தமா கத்தரி வச்சிருக்கே! தன்னோட புரதத்தை நறுக்கிச் சரிபண்ண வச்சிருக்கு. நஞ்சு வந்தா அதையும் நறுக்கிக் கொடுத்துடும். படிச்சுப் படிச்சுத் தொலைச்சோமேடி இதை."

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கீழே இறக்கினேன். கண்ணாடிக் குப்பிக்குள்தான் அது தூங்கும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அந்த வெள்ளை மூடி மறக்கடித்துவிட்டது.

மருத்துவமனையில் உடனே எதிர்மருந்தை ஏற்றினார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் பலம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. புதுப்பித்துக்கொள்ளச் சொல்லி யாரும் எங்களைக் கேட்டதில்லை. கணவர் பாதிச் சீருடையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருந்து ஏத்திட்டாங்கம்மா. இனி பயமில்லைல்ல?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். எதிர்மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் மடக்கும். செல்லுக்குள் புகுந்துவிட்டதை அதனால் தொடக்கூட முடியாது. எத்தனையோ முறை நாங்களே சோதித்து, முடிவைத் தட்டச்சு செய்து கொடுத்த விஷயம்.

அவர் தண்ணீர் வாங்கப் போனபோது அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "இதயத்துல எத்தனை செல்லுல புகுந்துச்சோ, அதுதான் கணக்கு. இனி யார் கையிலயும் இல்லடி. அந்த வெள்ளை மூடியெல்லாத்தையும் தூக்கிப் போடு. என்ன, கேட்டுச்சா?" தலையாட்டினேன். பாவி, அந்த நேரத்திலும் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சளி மூஞ்சி" என்றாள்.

இதயத் துடிப்பு விட்டுவிட்டு அடித்து, கடைசியில் ஒரு மத்தியானம் நின்றுபோனது. அவள் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் குளிர் அறைக்குள் போய், வெள்ளை மூடி ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டுச் சிவப்பைப் போட்டேன். தலைவர் வாசலில் நின்று, "மேலிடத்துல கேட்டுட்டுச் செய்யலாமே" என்றார். "போய்க் கேளுங்க" என்றேன். கை நிற்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் கணவர் வந்தார். அதே படியில் என்னை மறித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது, கையில் ஸ்பேனரோடு வந்திருந்தார்.

"வெட்டாத நஞ்சுன்னு வீட்டுக்கு வந்து சொன்னா. வெட்டலைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னா. அப்போ யாரோ வெட்டியிருக்காங்கல்ல? எந்த மெஷின் விழுந்தாலும் ஏதாவது ஒரு பாகம் போயிருக்கும், அதுக்கு ஒரு ஆள் பொறுப்பு இருப்பான். வெட்டினது யாரு? பேரை மட்டும் சொல்லும்மா. நான் பார்த்துக்கறேன்."

தலைவர் பெயரைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இவர் கேட்டது அது இல்லை.

"அவங்க உடம்புதான் அண்ணா" என்றேன். "உடம்புல இருக்கிற செல்லே வெட்டிடும். அதோட தினப்படி வேலை அது. வர்றதை வெட்டிக் கொடுக்கும்."

அவர் ஸ்பேனரைப் படியில் வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நஞ்சுன்னு அதுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணா."