அவன் சாவியை வீசிய பிறகு

தண்ணீர் தெளித்த மணலின் ஈர வாசனையோடு பீடிப் புகையும் கலந்து வந்தால், இன்றைக்கும் ஒருவன் சாவிக்கொத்தை வீசி எறிவதுதான் என் கண் முன்னால் வரும். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாய்க்காலை ஒட்டி "டூரிங் கொட்டகை" இருந்தது. தை அறுவடையில் கூலி புழங்கும் நாட்களில், சனங்கள் அவன் வரும் அந்த ஒரே படத்தை "இன்னொரு தரம் போடுங்க" என்று கேட்டுப் போடவைப்பார்கள். படத்தில் அவன் அரிசி ஆலைத் தொழிலாளி. முதலாளி எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேச, கிடங்குச் சாவியை அவர் காலடியில் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கி நடப்பான். பெண்கள் பகுதியின் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் பறக்கும். பகலெல்லாம் குனிந்து கதிர் அறுத்தவர்கள் மணலை வாரி மேலே இறைப்பார்கள்.

அந்த இடம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுப்பாள்.

"அவந்தான் போயிட்டான்ல, இனிமே என்ன இருக்கு? எழுந்திருடி, விடிஞ்சா அறுப்பு."

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, அவன் மழையில் போனதுபோலவே நானும் பனியில் வரப்போரம் நடந்து வருவேன். படம் அங்கேயே முடிந்துவிடுவதாக நினைத்தே வளர்ந்தேன்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஷட்டர் தூக்குவது முதல் இறக்குவது வரை நின்றபடிதான். கடை ஆட்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் முக்காலிகள் வாங்கிப் போட்டார்கள். அவற்றின் மேல் இப்போது அட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. நரம்பு சுருண்ட காலோடு அலமாரி விளிம்பில் சற்றுச் சாய்ந்தால், என் பிள்ளை வயதுள்ள சூப்பர்வைசர் தம்பி, "என்னக்கா, சேலை விக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா? உட்காரணும்னா வீட்லயே உட்காரலாமே" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். எனக்கு வாய் கிடையாது. அப்போதெல்லாம் மனதுக்குள் ஒரு சாவிக்கொத்து விழும். என்றைக்காவது வீசிவிடலாம் என்ற அந்தச் சத்தம்தான் மறுநாளும் என்னைக் கடைக்கு அனுப்பும்.

போன வாரம் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் என் சம்பளம்தான் சோறு. ஆனாலும் திங்கட்கிழமை "இனிமே வேலைக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். தைரியத்துக்காக ஞாயிறு மத்தியானம் மகளின் போனில் அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். அம்மா சுவரோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாவி விழுந்தது. மழை வந்தது.

"அவந்தான் போயிட்டான்ல, அமத்திடுடி" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாளைக்கு அறுப்பாம்மா?" என்று கேட்டுவிட்டு, ஓடவிட்டேன்.

அவன் ஊர் ஊராக வேலை கேட்கிறான், யாரும் தரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். கடைசியில் அதே ஆலை வாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். முதலாளி சாவிக்கொத்தைக் காலால் தள்ளுகிறார். அவன் குனிந்து எடுக்கிறான். திரையில் "சுபம்" என்று வந்தது.

"அம்மா, அவன் திரும்பி வந்துடுறாம்மா."

அம்மா கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "தெரியும்டி. மொத தடவை நீ மடியில தூங்கிட்ட. நான் முழுசாப் பார்த்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"எதைச் சொல்ல? விசிலடிச்சவனெல்லாந்தான் விடிஞ்சா அதே வயல்ல நின்னான். நீயாவது அவன் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டேன்." பிறகு கேட்டாள்: "நாளைக்குக் கடை உண்டுல்ல?"

"உண்டும்மா."

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். திங்கள் காலை காலில் துணி சுற்றி, மகளின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் அதைக் கடந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடையில் அந்தத் தம்பி என் செருப்பைப் பார்த்து ஏதோ சொன்னான், சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, உள்ளே அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எதுவும் விழவில்லை. அடுத்த புடவையைப் பிரித்தேன்.