நூல் வராத கார்த்திகை

"நூல் மூட்டை இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். அதுவரை இங்கே வந்து அலைய வேண்டாம்."

சேலத்திலிருந்து எங்களுக்கு நூல் வாங்கி அனுப்பும் என் சித்தப்பா எழுதிய கார்டு இது. சித்திரபானு வருஷம், கார்த்திகை மாதம் என்று மேலே இருக்கிறது, தேதி போடவில்லை. இங்கிலீஷ் கணக்கில் 1942இன் கடைசி. யுத்தத்தினால் நூல் கிடைக்காமல், ராசிபுரத்தில் எங்கள் தெருத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. எங்கள் வீட்டுத் தறிகள் இரண்டும் நின்றன.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தறி ஓடியவரை, மனைவி ஊடைக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொண்டுவந்து வைப்பாள், நான் நெய்வேன். அவள் ஏதாவது சொன்னாலும் தறிச் சத்தத்தில் காதில் விழாது. தறி நின்ற பிறகுதான், அவள் முணுமுணுவென்று பாடிக்கொண்டே சமைப்பவள் என்று தெரிந்தது. மத்தியானம் கம்பங்கூழ் குடித்துவிட்டு எல்லோரும் தாயம் ஆடுவோம். அப்பாவுக்குக் காலை மடக்கி உட்கார்ந்து பழக்கமில்லை. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பக்கத்துத் தரையில் சுண்ணாம்பால் கீறிய கட்டங்களில் காய் நகர்த்துவார். அதுவரை அவர் எதிரில் வாய் திறக்காத மருமகள், அவருடைய காய்களையே தேடித் தேடி வெட்டினாள்.

"மாமனாரை வெட்டறதுக்குன்னே பொறந்து வந்திருக்குது இந்தப் புள்ள" என்பார். அம்மாவும் சிரிப்பாள். அம்மா எப்போதும் கடைசியாகத்தான் கூழ் குடிப்பாள். பானையில் அவளுக்கு என்ன மிஞ்சியது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் அப்பாவின் கடைசிக் காயையும் வெட்டிவிட்ட குஷியில் மனைவி சொன்னாள்: "இன்னும் பத்து நாளைக்கு நூல் வராம இருந்தாத் தேவலைங்க மாமா."

அப்பா சிரித்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். காலையிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்தும் நூல் வரவில்லை. அப்பா கெங்கவல்லிப் பக்கம் கடலைக்காய் பறிக்கும் கூலி வேலைக்குப் போனார். ஆயுள் முழுவதும் குழியில் காலைத் தொங்கவிட்டு இருந்தவர், கடலைக்காட்டில் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததில் முழங்கால் இரண்டும் வீங்கி, பஸ் ஏறித் திரும்பி வந்தார். அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மருமகளிடம் அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீ கேட்ட மாதிரியே ஆச்சு கண்ணு. போதுமா?"

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

தை மாதம் நூல் வந்தது. அதற்குப் பிறகு மனைவி தாயம் ஆட உட்காரவில்லை. அம்மாவே கூப்பிட்டாலும், வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

பல வருஷம் கழித்து ஒரு நூல் வியாபாரி சொன்னார்: கார்த்திகையிலேயே மூட்டைகள் சேலம் வந்துவிட்டன, கிடங்கில் பூட்டிக் கிடந்தன என்று. அது நிஜமானால், மனைவி அப்படிச் சொன்னபோதே நூல் வந்தாகிவிட்டது; அவள் சொல்லுக்கும் அப்பாவின் முழங்காலுக்கும் சம்பந்தமே இல்லை. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"தேதி எதுக்குங்க இப்ப?" என்றாள்.

அம்மா உயிரோடு இருக்கும்போதே அதை உறுதி செய்துகொண்டு அம்மாவிடமும் சொல்ல விரும்பினேன், முடியவில்லை. விசாரித்த இருவரில் ஒருவர் கார்த்திகை என்கிறார், மற்றவர் மார்கழி என்கிறார். மூட்டைகள் எந்த மாதம் சேலம் வந்து சேர்ந்தன என்பது இன்றுவரை எனக்கு உறுதிப்படவில்லை.