கொத்தனார் வீட்டு ஜன்னல்

வீட்டுக்காரியைப் பார்த்துக் குடியிருப்பவள் வயிறெரிவதுதான் ஊர் உலகத்தில் வழக்கம். கொத்தனார் மனைவி விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டது. தன் கொல்லையில், தன் புருஷன் கட்டிய சின்ன வீட்டில், வாடகைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தையல்காரியைப் பார்த்து அவள் வயிறு எரிந்தது. காரணம் ஒரு ஜன்னல்.

ஊரில் வாடகை கண்டபடி ஏறிப்போய், ஊருக்குள் வேலை பார்க்கிறவர்கள் படுக்க மட்டும் ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். நகராட்சிக்கோ வீடு கட்ட இடம் இல்லை. கடைசியில் ஒரு யோசனை செய்தார்கள். கொல்லையில் காலி இடம் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம். வரைபடம் இலவசம், அனுமதிக் கட்டணம் கிடையாது, கடனும் குறைந்த வட்டிக்கு. பதிலுக்குப் பத்து வருஷம் நகராட்சி சொல்கிற வாடகைக்கு, நகராட்சி அனுப்புகிற ஆளுக்குத்தான் விட வேண்டும். கொல்லை முழுக்கச் சாரக்கட்டையும் உடைந்த செங்கல்லும் குவித்து வைத்திருந்த கொத்தனார் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தார்.

நகராட்சி இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். "சமையலறைக்கு வெளிப்பக்கமா ஜன்னல் கட்டாயம் இருக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

"அதுக்கென்ன சார், வெச்சுட்டாப் போச்சு" என்றார் கொத்தனார்.

தண்ணீர் கொண்டுவந்த மனைவிக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வெச்சுட்டாப் போச்சாம்! அவள் இருக்கும் முன்வீடும் அவர் கையால் கட்டியதுதான். கல்யாணமான புதிதில் அவசர அவசரமாக எழுப்பிய வீடு. அதன் சமையலறையில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. பட்டப்பகலிலும் பல்பு எரிந்தால்தான் உப்பு எது சர்க்கரை எது என்று தெரியும். புதுப்பெண்ணாக இருந்தபோது கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டாள். பையன் பிறந்து, புகையில் இருமியபோது அழுது கேட்டாள். அப்புறம் சண்டை போட்டுக் கேட்டாள். எப்போது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "கையில இருக்கிற வேலை முடியட்டும்." கொத்தனாருக்கு என்றைக்கு வேலை முடிந்திருக்கிறது? ஊரில் பாதி வீடுகளுக்கு ஜன்னல் வைத்தவர் அவர். சலித்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பின்வீடு எழும்பியது. தையல்காரி தன் சின்னப் பெண்ணோடு குடிவந்தாள். அதுவரை நாலு குடும்பத்துக்கு ஒரே குழாய் இருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தவள். பாவம் என்றுதான் கொத்தனார் மனைவியும் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பாவப்பட்டவள் காலையில் ஜன்னலோரம் நின்று, முகத்தில் வெயில் பட, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்க்கிற அழகைத்தான் இவளால் பார்க்கச் சகிக்கவில்லை.

"அக்கா, இந்த ஜன்னல்ல நின்னா வேலை செய்ற அலுப்பே தெரியல. அண்ணனுக்கு நல்ல கைராசி!" என்பாள் தையல்காரி.

"ஆமாமா, ரொம்ப நல்ல கைராசி" என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். உள்ளே வந்து பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பாள்.

அதோடு விட்டதா? ஒருநாள் ஜன்னல் கீல் கிறீச்சிடுகிறது என்று கொத்தனாரே எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நின்றார். போட்டுவிட்டு, திறந்து மூடித் திறந்து மூடி ரசித்தார். கொல்லைப்புற வாசலில் நின்று அதைப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அந்தப் பெண்ணை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பெண்ணைப் பார்த்திருந்தால்கூட நாலு திட்டுத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஜன்னலையல்லவா பார்க்கிறார்! யாரோ ஒருத்திக்கு வைத்துக் கொடுத்ததை எனக்கு வைக்கவில்லையே என்று அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் நகராட்சியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பின்வீடு நன்றாக அமைந்திருப்பதால், கொல்லையில் இடம் உள்ள மற்றவர்களையும் கூட்டிவந்து காட்டப் போகிறார்களாம். பார்த்துப் பிடித்துப்போனால் அவர்களும் கட்டுவார்கள். கட்டுகிற வேலை கொத்தனாருக்குத்தான் வரும். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இன்ஜினியர் விளக்கினார், தையல்காரி ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டினாள். வந்த பெண்கள் "அடேயப்பா, என்ன வெளிச்சம்!" என்று வாயைப் பிளந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் மனைவி, "எங்க வீட்டுக்கும் நீங்களே வந்து கட்டிடுங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டாள். கொத்தனாருக்கு முகமெல்லாம் பல்.

ஓரமாக நின்றிருந்த கொத்தனார் மனைவிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எல்லாரும் இப்படி வாங்க, இவரு கட்டின வீடு இன்னொண்ணும் இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போங்க" என்றாள்.

மரியாதைக்காக எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். தன் சமையலறைக்குள் அவர்களை நிறுத்தி, கதவைச் சாத்தி, பல்பை அணைத்தாள். யாரோ யார் காலையோ மிதித்தார்கள். ஒரு டம்ளர் உருண்டது.

"இதுதாங்க கொத்தனார் சம்சாரத்தோட சமையலறை" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.

கதவு திறந்தபோது ஜவுளிக்கடைக்காரர் மனைவி புடவையைத் தட்டிக்கொண்டே, "சொந்த வீட்டுக்கே இப்படின்னா எங்களுக்கு எப்படிங்க கட்டுவீங்க?" என்று கேட்டாள்.

இன்ஜினியர் நெளிந்தார். "பழைய வீட்டுக்கெல்லாம் இந்த விதி கிடையாதும்மா."

"விதி இல்லேன்னா வெளிச்சம் வேண்டாமா சார்?" என்று கேட்டாள் கொத்தனார் மனைவி.

கொத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தையல்காரி தன் பெண்ணை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்த வேலையெல்லாம் கைநழுவிப் போயிற்றே என்று மனைவிக்கே பக்கென்றது. ஆனாலும் மனசின் ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்ததையும் மறைப்பதற்கில்லை. அன்று சாப்பிடக் கூப்பிட்டும் அவர் வரவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளில் ஒரு ஜன்னல் சட்டத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். "பாத்திரத்தையெல்லாம் வெளியே எடு" என்றார். அவ்வளவுதான். உளியையும் சுத்தியலையும் எடுத்துச் சமையலறைச் சுவரை இடிக்க ஆரம்பித்தார். முதல் செங்கல் விழுந்து, தட்டு அளவுக்கு வெயில் உள்ளே வந்தது. ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. சட்டத்தை நிறுத்தி, நூல் பிடித்து, சுற்றிலும் பூசி முடித்தார். மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கும் நேரம்கூட இன்னும் தாண்டவில்லை.

கொத்தனார் திரும்பிப் பார்த்தார். அந்த அறையை வெளிச்சத்தில் அவரும் அன்றுதான் பார்க்கிறார். அடுப்புக்கு மேலே கூரை வரைக்கும் கன்னங்கரேலென்று கரி. அடுப்புக்கு முன்னால், அவள் நின்று நின்று, தரையில் சிமெண்டே தேய்ந்திருந்தது.

"இதுக்குள்ளயா நின்னு சமைச்ச?" என்றார்.

அவள் "வேலை முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"இது என்ன, அரை நாள் வேலைதானே" என்றார் பழக்கதோஷத்தில்.

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அழுகை நிற்கவில்லை. "முப்பது வருஷத்துல அந்த அரை நாள எனக்குக் குடுக்க உங்களுக்கு மனசு வரலையே" என்றாள்.

கொத்தனார் ஒரு பழந்துணியை நனைத்துக்கொண்டு வந்து, அடுப்புக்கு மேலிருந்த கரியைத் தேய்க்க ஆரம்பித்தார். லேசில் போகிற கரியாக அது இல்லை. அவளும் போதும் என்று சொல்லவில்லை.