லென்ஸ் அக்கா போட்ட துணைக்கால்

அந்த அச்சகத்தில் புத்தகம் அச்சாவதில்லை. மருந்து டப்பா, சோப்பு உறை, பெயின்ட் டின், பூச்சி மருந்துப் புட்டி என்று இவற்றின் மேல் ஒட்டும் லேபிள்கள் மட்டும்தான். அச்சுக்குப் போகும் முன் அவற்றில் எழுத்துப்பிழை பார்ப்பது பத்தொன்பது வருஷமாக ஒரே ஆளின் வேலை. கடுகளவு எழுத்தைப் படிக்க ஒரு கண்ணில் குட்டி லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் லென்ஸ் அக்கா. மூக்குக்கு மேல் கோபம். ஆனால் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "அக்கா மெதுவாப் பேசுறாங்கப்பா" என்று யாராவது சொன்னால் மெஷின் ஓட்டுபவர்கள் குனிந்த தலை நிமிர மாட்டார்கள்.

வீட்டில் அவரும் லிஃப்ட் மெக்கானிக்கான கணவரும், ஒரு பூனையும். பூனை மெலிந்து நீளமாக இருக்கும். பெயர் குண்டூசி. போன வருஷம் தம்பி வெளியூர் வேலைக்குப் போனபோது தன் நாயைக் கொண்டுவந்து விட்டுப் போனான். உட்கார்ந்தால் அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்ததால் அதற்கு மூட்டை என்று பெயர் விழுந்தது. முதல் வாரம் பூனை பீரோ மேலிருந்து இறங்கவே இல்லை. இரண்டாம் வாரம் நாயின் கழுத்தைத் தலையணையாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வேறு எங்கும் தூங்கியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பாதியில் கைவிட்ட கட்டடம் ஒன்று, சுற்றிலும் இடுப்பளவு புல். மூட்டை அதற்குள் புகுந்து புறப்பட்டதன் பலன் கோடையில் தெரிந்தது. காது மடிப்பில், விரலிடுக்கில், வாலடியில் மிளகு ஒட்டியது போல உண்ணிகள். அக்கா தினமும் சாயங்காலம் இடுக்கியோடு உட்கார்ந்து பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போட்டார். பத்து எடுத்தால் மறுநாள் பதினைந்து.

ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு உண்ணி.

"எங்க ஹால் சுவத்துல ஏறிட்டிருந்துச்சு. உங்க வீட்டு உண்ணி."

"பேர் எழுதிருக்கா சார் அதுல?"

"சிரிக்கிறதுக்கு இல்லம்மா. மண்ணெண்ணெயைத் துணியில நனைச்சு நாய் உடம்பு முழுக்கத் தேய்ச்சு விடுங்க. ஒண்ணு தங்காது."

"தோல் வெந்துபோகும் சார். முதல்ல உங்க கைல தேய்ச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

ஆளுக்கொரு வைத்தியம். கணவர் பொடி தூவலாம் என்றார். தம்பி போனில், "மாத்திரை ஒண்ணு இருக்காமே, குடுத்துடுக்கா" என்றான். அக்கா கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டார். புதன்கிழமைதான் நேரம் கிடைக்கும் என்றார்கள். அன்று சனிக்கிழமை. கீழ்வீட்டுத் தீப்பெட்டி கண்ணிலேயே நின்றது. தெருமுனையில் நாய், பூனைச் சாமான் விற்கும் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு சின்னப் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"கழுத்துக்குப் பின்னாடி முடியை விலக்கி ஊத்துங்க. ஒரு மாசத்துக்குக் கவலையில்ல."

"வீட்ல பூனையும் இருக்கு. நாய் மேலதான் படுக்கும்."

"ஒண்ணும் ஆகாது மேடம். இதோ போட்டிருக்கே."

பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை விரலால் தட்டினார். இறக்குமதி செய்தவர் முகவரி, விலை, அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: 'வீட்டுப் பிராணிகள் அனைத்துக்கும் பாதுகாப்பானது.' அக்கா படித்தார். பிழை எதுவும் இல்லை. நம்பிவிட்டார்.

பத்து மணிக்கு மூட்டையின் கழுத்தில் மருந்தை ஊற்றினார். பதினோரு மணிக்கெல்லாம் குண்டூசி வழக்கமான இடத்தில் போய்ச் சுருண்டது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டேதான் துணி மடித்தார்.

மூன்று மணிக்குப் பூனையின் காது துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தார். பிறகு முதுகுத் தோல் அலையடித்தது. எழுந்து நின்று ஒரு காலைச் சூடு பட்டது போல உதறியது. நாலு அடி நடந்து சாய்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் நான்கு கால்களும் விறைத்து, வாயில் நுரை தள்ளி, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது.

"ஏங்க! வண்டியை எடுங்க!"

துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். கணவர் என்ன நினைத்தாரோ, கிளம்பும்போது மருந்துப் பெட்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதன்கிழமைதான் நேரம் என்று சொன்ன அதே மருத்துவமனையில், பூனையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல நாய் இருக்கா?" என்பதுதான்.

"இருக்கு."

"உண்ணி மருந்து ஏதாவது போட்டீங்களா?"

கணவர் பெட்டியை நீட்டினார். டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே உதவியாளரிடம் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கேட்டார். பூனையின் உடம்பில் ஒட்டிய மருந்தை அவர்கள் கழுவக் கழுவ அது துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக ஊசி வேலை செய்து துடிப்பு குறைந்ததும் டாக்டரம்மா பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார்.

அடியில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பூனைப் படம், அதன் குறுக்கே பட்டையாக ஒரு கோடு. பூனைக்குப் போடக் கூடாது, மருந்து போட்ட நாயிடம் பூனையை மூன்று நாள் நெருங்க விடக் கூடாது என்று அயல் மொழிகள் நான்கில் எழுதியிருந்தது.

"இதுல பெர்மெத்ரின்னு ஒண்ணு இருக்கு. நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம். அந்த எச்சரிக்கை மேலயே ஒட்டிருக்கான் பாருங்க. இந்தக் கோடையில இது மூணாவது பூனை எனக்கு. முதல் ரெண்டும் செத்துப்போச்சு."

"அந்த ஸ்டிக்கரைக் குடுங்க டாக்டர்" என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. கணவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

ஸ்டிக்கரின் கீழ் ஓரத்தில் தூசு போல ஒரு எண் இருந்தது. வாங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் புரியாது. அது அச்சகத்தின் வேலை எண். அதன் கடைசி எழுத்து, பிழை பார்த்தவர் யார் என்பதைச் சொல்லும். அது அக்காவின் எழுத்து.

பூனை இரண்டு நாள் மருத்துவமனைக் கூண்டில், காலில் டிரிப்போடு கிடந்தது. ஞாயிறு முழுக்க மூட்டை கதவருகே போய்ப் போய் முகர்ந்து பார்த்துத் திரும்பி வந்தது. "அது என்ன பண்ணும் பாவம்" என்று கணவர் நாயைத்தான் சொன்னார். அக்காவுக்கு அது தன்னைக் குத்தியது போல இருந்தது.

திங்கள்கிழமை காலை கடை திறந்ததும் போய் நின்றார்.

"பூனை சாகக் கிடக்குது. ஒண்ணும் ஆகாதுன்னீங்க."

கடைக்காரர் முதல்முறையாகச் செல்போனைக் கீழே வைத்தார். "நான் என்ன மேடம் பண்ணுவேன்? கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புறான், நான் விக்கிறேன். நீங்க படிச்சவங்க, உரிச்சுப் பார்த்திருக்கலாமே?"

"உரிச்சுப் பார்க்கணுமா? சரி."

அலமாரியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கி, ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தார். "மேடம், மேடம், சரக்கு வீணாப்போகுது" என்று அவர் கையைப் பிடிக்க வந்தார். "தொட்டீங்கன்னா நல்லா இருக்காது" என்றார் அக்கா, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில். அவர் கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் நாய்ச் சங்கிலி வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, அந்தச் சிவப்பு வட்டத்தைக் கண்டதும், "இதே மருந்து போன வாரம் வாங்கிட்டுப் போயி இன்னும் பிரிக்கல. எங்க வீட்ல ரெண்டு பூனை" என்றார். சங்கிலியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

பதினேழு பெட்டிகள். அத்தனையும் உரித்துவிட்டு வெளியே வந்தபோது அக்காவின் நகக்கண் எல்லாம் பசை. கடைக்காரரை மிரட்டியாயிற்று. ஆனால் அந்த வரியைச் சரிபார்த்தது நான்தான் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்காகத் தன் மேல் வந்த கோபம் கடைக்காரர் மேல் வந்ததை விடப் பெரிதாக இருந்தது.

அச்சகத்துக்குப் போய் நேராகப் பழைய கோப்பு அறைக்குள் நுழைந்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய கோப்பில் அந்தத் தாள் கிடைத்தது. 'பாதுகப்பானது' என்று வந்திருந்ததைச் சிவப்புப் பேனாவால் வளைத்து, விட்டுப்போன துணைக்காலைச் சேர்த்து, பக்கத்தில் டிக் அடித்திருந்தார். சுத்தமான டிக். முதலாளியின் மேஜையில் அந்தத் தாளையும் ஸ்டிக்கரையும் அருகருகே வைத்தார்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பூனை பிழைச்சுடுச்சா?"

"கண்ணு முழிச்சிருக்கு."

"அப்புறம் என்னக்கா. நம்ம வேலை எழுத்துப்பிழை பார்க்கிறது. அவன் எழுதினது நிஜமா பொய்யான்னு பார்க்கிறது நம்ம வேலை இல்ல."

"எட்டு மாசமா பொய்யைப் பிழையில்லாம அடிச்சுக் குடுத்திருக்கோம் சார். அந்த டாக்டர்கிட்ட மட்டும் ரெண்டு பூனை செத்துருக்கு."

"இந்த வாரம் அவங்களோட அடுத்த ஆர்டர் இருக்கு. அதையும் பார்த்துக் குடுத்துடுங்க. கோபத்தை வீட்ல வெச்சுட்டு வாங்க."

"பெட்டியைக் கொண்டு வரச் சொல்லுங்க. எந்த இடத்துல ஒட்டப் போறாங்கன்னு பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முதலாளி மேஜையைத் தட்டினார். "உங்க இஷ்டத்துக்கு ஆடுறதுக்கு இது என்ன..." என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை இறக்குமதிக் கம்பெனியின் ஆள் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். "எங்க பெட்டில ஒட்டுறது எங்க விஷயம் மேடம். உங்களுக்கு எதுக்கு?" என்றான்.

"அந்த வரியை எழுதினது யாரு?"

"மார்க்கெட்டிங்ல எழுதுவாங்க."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா? பெட்டில நாலு பாஷையில எழுதிருக்கு. தெரியாம எழுதினாங்களா, தெரிஞ்சே மறைச்சாங்களா?"

அவன் சிரிப்பு போய்விட்டது. முதலாளியைப் பார்த்தான். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். சாயங்காலமே ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. அந்த அச்சகத்தில் பிழை பார்க்கவே ஆள் கிடையாது. அக்கா உரித்த ஸ்டிக்கரையும் பெட்டியின் படத்தையும் டாக்டரம்மாவின் கடிதத்தோடு சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதோடு சரி. முதலாளி இரண்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. அவ்வளவு சின்ன எழுத்தைப் படிக்க அவருக்கு வேறு ஆள் கிடையாது.

மூட்டை மேல் ஊற்றிய மருந்தை அன்றே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டதால் உண்ணி மட்டும் அப்படியே இருந்தது. இந்தத் தடவை அக்கா யார் சொல்வதையும் கேட்காமல் மூட்டையை டாக்டரம்மாவிடமே அழைத்துப் போனார். அவர் நாயை எடை போட்டார், காதைத் திருப்பிப் பார்த்தார், இரத்தம் எடுத்து உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"மாத்திரை குடுக்கலாம். பூனை இருக்கிற வீட்டுக்கு அது நல்லது. இதுக்கு எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

அக்கா அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டார்.

"குட்டியா இருக்கிறப்ப ரெண்டு தடவை வந்துச்சுக்கா. அப்புறம் வரல."

"அதை ஏண்டா எங்கிட்ட சொல்லல? மாத்திரை குடு, மாத்திரை குடுன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுதே உனக்கு!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தார். வலிப்பு வந்த நாய்க்கு அந்த வகை மாத்திரை மறுபடி வலிப்பைக் கிளப்பக்கூடும். பூனைக்கும் கெடுதல் செய்யாத மருந்து ஊறிய ஒரு கழுத்துப் பட்டையை எடுத்தார். அக்கா அதன் பெட்டியைப் பதினைந்து நிமிஷம் படித்தார், ஆறு பக்கமும். வெளியே காத்திருந்தவர்கள் முனகினார்கள். படித்து முடித்த பிறகுதான் பட்டையைக் கட்டவிட்டார். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று தானே விட்டுப் பார்த்தார். பின்னால் இருந்த புல்லை வெட்டச் சொல்லி மனைக்காரரோடு ஒரு சண்டை, வீட்டு இடுக்கெல்லாம் சுத்தம் செய்ய இரண்டு ஞாயிறு. ஒரு மாதத்தில் இடுக்கிக்கு வேலையில்லாமல் போனது.

குண்டூசி முன்னங்காலில் முடி மழித்த இடத்தோடு வீடு திரும்பியது. பதினோரு நாள் நாயைக் கண்டாலே முதுகைத் தூக்கிச் சீறியது. பன்னிரண்டாம் நாள் அதன் வாலோரம் போய்ப் படுத்தது. கழுத்துக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த மாதம் டாக்டரம்மா ஒரு தாளை அக்காவிடம் கொடுத்தார். மருத்துவமனைச் சுவரிலும் சுற்றியுள்ள கடைகளிலும் ஒட்ட ஓர் அறிவிப்பு, பிழை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். 'நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளைப் பூனைகள் உள்ள வீடுகளில் தவிர்ப்பது நல்லது' என்று எழுதியிருந்தது. பிழை ஒன்றுமில்லை. அக்கா சிவப்புப் பேனாவை எடுத்து முழு வரியையும் அடித்தார். கீழே எழுதினார்: 'நாய்க்கு விடும் உண்ணி மருந்து பூனையைக் கொன்றுவிடும். ஸ்டிக்கரை உரித்துப் படியுங்கள். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.'

"கொஞ்சம் கடுமையா இருக்கே?" என்றார் டாக்டரம்மா.

"கடுமையா இருந்தாத்தான் டாக்டர் படிப்பாங்க."

தாளை வாங்கிக்கொண்டு, அதை அச்சடிக்க அச்சகத்துக்கு நடந்தார். முதலாளியிடம் அனுமதி கேட்க அவர் நினைக்கவில்லை.