கறுப்பு ஒயர் நடுவில்

1

இன்று பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. பவர் சப்ளை கனெக்டரை மதர்போர்டில் தப்பாகச் செருக நினைத்தாலும் உள்ளே போகாது. தொண்ணூறுகளில் நான் ஆரணியில் தொழிலுக்கு வந்தபோது, ஒன்றுக்குப் பதில் இரண்டு கனெக்டர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் ஒழுங்காக உட்காரும். இரண்டிலும் உள்ள கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்து வர வேண்டும். மாறினால் போர்டு காலி.

இது எனக்குத் தூக்கத்திலும் மறக்காது என்ற திமிரோடுதான் திரிந்தேன்.

பட்டுச் சேலை முதலாளி ஒருவர் பார்டர் டிசைன் போடக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை இயக்க கலா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள்.

அன்று வெள்ளிக்கிழமை. கேபினெட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்பா. ஜல்தியா முடி" என்று முதலாளி என் தலைமேல் நின்றார். அவசரமாகச் செருகினேன். மறுபடி பார்க்காமல் மூடியைப் போட்டேன். "நீயே போடும்மா" என்றார் கலாவிடம். கலா சுவிட்சைப் போட்டார். பட்டென்று சத்தம், புகை.

மூடியைக் கழற்றினேன். கறுப்பு ஒயர்கள் இரண்டு ஓரத்திலும் இருந்தன. யாரும் பார்ப்பதற்குள் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னா ஆச்சு?"

"போர்டே சரியில்லிங்க. வேற மாத்திக் குடுத்துடறேன்."

முதலாளி கலாவைப் பார்த்தார். "இன்னாம்மா, கை ராசியே இல்லியே உனக்கு. தொட்டதும் பொகையுது."

கலா கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நின்றார். நான் திருப்புளியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை புது போர்டோடு போனபோது, கலாவின் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

2

பல வருஷம் கழித்து, பெரணமல்லூரில் ஒரு மகளிர் குழுவுக்குக் கம்ப்யூட்டர் பூட்டப் போனேன். தலைவி அதே கலா. "நல்லா கீறீங்களாண்ணா?" என்று டீ வரவழைத்தார். இந்த வருஷங்களுக்குள் ஒற்றைக் கனெக்டர் வந்துவிட்டது. பூட்டி முடித்து, "நீங்களே ஆன் பண்ணுங்கம்மா" என்றேன்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாங்கண்ணா, எனக்கு ராசியில்லாத கை. புது வூட்ல பால் காய்ச்சனப்பகூட நாத்தனாரைத்தான் அடுப்பு பத்த வைக்கச் சொன்னேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குழுப் பெண்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உங்க கை மேல தப்பில்லம்மா. அன்னிக்கு ஒயரை மாத்திச் சொருகினது நான்."

கலா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வேலை போனத வூட்ல சொல்லப் பயந்துகினு, ஒரு மாசம் தெனம் பஸ் ஏறி வந்து ஆரணி பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு இருந்தேண்ணா. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான்: உங்களால் போர்டு எரிந்தால், புகை அடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபிறகும் கலா சுவிட்சைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் போட்டார்.