பொன்னி கல்யாணமும் பெரிய டிஸ்க்கும்

சிதம்பரம் மாலைகட்டித் தெருவில் இருக்கும் பாலகுமார் மாமா கல்யாண போட்டோ எடுப்பவர். வாடகைக் கேமராவில் தொழிலைத் தொடங்கியவர், எடுத்த படம் எதையும் அழித்ததில்லை. எல்லாம் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வைரஸ் தொல்லை தாங்காமல் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்பதால், கம்ப்யூட்டர் விஷயத்தில் என் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

போன மாதம் அதன் பழைய டிஸ்க் டக்டக்கென்று முனக ஆரம்பித்தது. எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன். உள்ளே சுற்றும் தகடு கிடையாது, கேட்ட படம் உடனே வந்து நிற்கும். எழிலரசி அத்தைக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அதே விலைக்குச் சுற்றும் டிஸ்க்கில் கிடைக்கும் இடத்தில் கால்வாசிதான் இதில் கிடைக்கும். பழைய ஆல்பங்களில் பெரும்பகுதியை அழித்தாக வேண்டும்.

"மொதல்ல இந்தப் பொன்னி கல்யாணத்த அழிங்க. ரெண்டு பேரும் பிரிஞ்சு எத்தினி வருஷமாச்சு!" என்றார் அத்தை.

"அவுங்க பிரிஞ்சா நான் எடுத்தது பொய்யாயிடுமா?"

"ஆமா, நீங்க போய்ச் சேத்து வைங்க!"

அத்தை மவுஸைப் பிடித்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கம்மாபுரத்திலிருந்து வந்த சின்னையன். அவர் அப்பா விடியற்காலை இறந்துபோயிருந்தார்.

"அஞ்சலி பேனருக்குப் படம் இல்லண்ணே. அப்பா தனியா நின்னு எடுத்துக்கிட்டதே இல்ல. ஆதார்ல இருக்கறது அவர்தானான்னு எங்களுக்கே சந்தேகம். எங்க சித்தப்பா மவ பொன்னி கல்யாணத்துல எங்கியாச்சும் இருப்பாரு."

அத்தை மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். மாமா ஆல்பத்தைத் திறந்தார். பழைய டிஸ்க் முக்கி முனகி ஒவ்வொரு படமாகக் கொடுத்தது. தாலி கட்டும்போது பெரியவரின் முதுகு மட்டும் தெரிந்தது. மேடையில் பாதி முகம். கடைசியில் பந்தியில் அகப்பட்டார், பரிமாறுகிறவரை அண்ணாந்து பார்த்து வாய்கொள்ளாச் சிரிப்போடு.

"ரெண்டாவது வடை கேக்கறாரு," என்றார் சின்னையன்.

மாமா இலையையும் வடையையும் வெட்டிவிட்டு, சிரிப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

சின்னையன் போனதும் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தச் சுத்தற டிஸ்க்கே பெருசா ஒண்ணு சொல்லிடு."

"மெதுவா இருக்குமே அத்த."

"இருக்கட்டும். வர்றவங்களுக்கு அதுக்குள்ள டீ போட்டுக் குடுத்துடறேன்."