நான் வைத்த ஆப்பு

தமிழில் ஆப்பு என்றால் மரத்தைப் பிளக்க அடிக்கிற முளை. ஒருத்தனைக் கவிழ்த்துவிட்டாலும் ஆப்பு வைத்துவிட்டான் என்றுதான் சொல்கிறோம். செல்போனில் இருப்பதற்கும் இப்போது அதே பெயர்தான். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த வளவில் குடியிருக்கும் பால்காரம்மாவின் போனில் புதிய ஆப் ஒன்றை நானே போட்டுக் கொடுத்தபோது, "ஏனுங்க, கடைசில எனக்கும் ஆப்பு வெச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். 

தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். தென்னையும் கொஞ்சம் தக்காளியும் போட்டிருக்கிறேன். யானை வரும். நாங்கள் யானை என்று சொல்வதில்லை, பெரியவர் என்போம். பெரியவர் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறார் என்று சொல்வதற்காக அறுபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். ஊரெல்லாம் வைத்திருக்கிற சாதாரண ஆப்தான். அதில் காலை வணக்கம், ரோஜாப்பூ, பக்கவாதத்துக்குப் பாட்டி வைத்தியம் எல்லாம் வந்து குவியும். அந்தக் குப்பைக்கு நடுவில் "பெரியவரு ஓடைக்கிட்ட நிக்கிறாருங்க" என்று ஒரு குரலும் வரும். அந்தக் குரல் எல்லாரையும்விட அதிகம் தேவைப்பட்டது பால்காரம்மாவுக்கு. இரண்டு மாடு வைத்திருந்தார். தினமும் விடிகாலை ஐந்து மணிக்குப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு என் தென்னந்தோப்பு ஓரமாகவே சொசைட்டிக்கு நடந்து போக வேண்டும். வேறு வழி கிடையாது. படிக்கத் தெரியாது. அதனால் கிளம்புவதற்கு முன்னால் போனைக் காதில் வைத்து, குரூப்பில் வந்திருக்கும் குரல்களை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் படல் கதவைத் திறப்பார்.

அந்தக் குரூப்பைக் கலைத்தவன் நான்.

அதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. குரூப்பில் செய்தி வந்த அரை மணி நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து பைக்குகள் வந்துவிடும். கூலிங் கிளாஸ், கையில் குச்சி, குச்சி நுனியில் போன். பெரியவரை வீடியோ எடுக்க வந்த கூட்டம். ஒருநாள் சாயங்காலம் ஒருத்தன் கூல்டிரிங்ஸ் பாட்டிலை அவர் மேல் எறிந்துவிட்டு, அவர் திரும்பியதும் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு ஓடினான். இன்னொருத்தன் அதைப் படம் பிடித்தான். சீ, இதெல்லாம் ஒரு பிறவியா என்று இருந்தது. எங்கள் அறுபது பேரில் எவனோதான் அவர்களுக்குத் தகவல் கொடுக்கிறான். எவன் என்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பில்லை. துப்பில்லாதவன் என்ன செய்வான், தொழில்நுட்பத்தைத் தேடிப் போவான்.

என் மனைவியின் தம்பி சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார். அவரிடம் சொன்னேன். "மாமா, நீங்க என்கிரிப்ஷனுக்கு மாறோணும்" என்றார். அனுப்புகிறவனையும் வாங்குகிறவனையும் தவிர ஆண்டவன்கூடப் படிக்க முடியாத ஆப் ஒன்று இருக்கிறதாம். பழைய ஆப்பிலும் அந்தப் பூட்டு உண்டு, ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அந்தக் கம்பெனி கணக்கெடுக்கும் என்றார். இது நன்கொடையில் ஓடுவது, லாபத்துக்கு ஓடுவதில்லை, அதனால் சுத்தம் என்றார். எனக்கு மண்டையில் ஏறியது ஒன்றுதான், பூட்டு. எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் சாவி அறுபது பேரிடம் இருக்கிறது, அதில் ஒருத்தன்தான் திருடன் என்று எனக்கு ஏனோ அன்றைக்கு உறைக்கவில்லை.

முதல் குரூப்பை மூடிவிட்டு மாறினோம். அந்த ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் நன்கொடை கேட்டு ஒரு கட்டம் வரும். எங்கள் ஆட்கள் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தார்கள், நானும்தான். மூன்றாவது மாதம் ஒருநாள் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அது செத்துக் கிடந்தது. எங்கோ வெளிநாட்டில் ஏதோ படுத்துவிட்டதாம். நல்லவேளை, அன்றைக்குப் பெரியவர் வரவில்லை. மச்சினனிடம் கத்தினேன். அவருக்கு அது சந்தோஷமாக இருந்த மாதிரி தெரிந்தது. "அதான் மாமா நான் சொல்றது. எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சா இப்படித்தான். அவிங்கவிங்க சர்வரை அவிங்கவிங்களே வெச்சுக்கோணும். நம்ம ஊட்டுலயே வெச்சுப்போடலாம். எவனையும் நம்ப வேண்டியதில்லை."

எவனையும் நம்ப வேண்டியதில்லை! என்ன ருசியான வாக்கியம். நான் மயங்கிப்போனேன்.

அவர் வீட்டு அலமாரிக்கு மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஏறி உட்கார்ந்தது. எங்கள் அறுபது வீடும் அதற்குள் போயின. அறுபது என்பது பேச்சுக்குத்தான், வந்தது முப்பத்தி நாலு. மற்றவர்களுக்குக் கடவுச்சொல், மீட்புச் சாவி, சரிபார்ப்பு என்று கேட்டதுமே அலுத்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ரகசியச் சாவியைச் சுவரில் தொங்கும் தினக்காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். பால்காரம்மா மட்டும் ஒருமுறை, "ஏனுங்க, அந்தப் பழசே இருந்துட்டுப் போகட்டுமுங்களே, அதுல எனக்குக் கேக்குதுங்களே" என்றார். "இதுலயும் கேக்கும் அம்மணி" என்று சொல்லிவிட்டு, நன்கொடை ஆப்பில் இருந்த குரூப்பையும் அன்றைக்கே மூடினேன். அட்மின் நான்தானே.

ஐந்து வாரம் நன்றாகத்தான் ஓடியது. பைக்குகள் வருவதும் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு வெள்ளகோவிலில் ஒரு காதுகுத்து. மச்சினன் குடும்பத்தோடு முந்தின நாளே கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் கேஸை மூடுவார்கள், குழாயை இறுக்குவார்கள், கடைசியாக மெயினை அணைப்பார்கள். என் மாமியாரும் அதைத்தான் செய்தார். மச்சினன் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அலமாரிக்கு மேலே எங்கள் முப்பத்தி நாலு வீட்டின் காவல் அணைந்தது.

மறுநாள் விடிகாலை நாலே முக்காலுக்குத் தோப்புக்குள் மட்டை முறிகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். போனை எடுத்து, "பெரியவரு தோப்புக்குள்ள வந்துட்டாருங்க, ஆரும் கெளம்ப வேண்டாமுங்க" என்று பேசி அனுப்பினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் மந்தம், போய்விடும் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். காபி போட்டேன், சர்க்கரை போதுமா என்று ருசி பார்த்தேன். இரண்டாவது மடக்கில் அலறல் கேட்டது.

பெரியவர் பால்காரம்மாவைத் தொடவில்லை. பத்தடி தூரத்தில் அவரைப் பார்த்ததும் அந்தம்மா கேனை வீசிவிட்டு ஓடைக்குள் குதித்திருக்கிறார். பாறைகளுக்கு நடுவில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். பாலெல்லாம் மண்ணில் ஓடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அது செருப்படியை விட மோசம். "போனைக் காதுல வெச்சுக் கேட்டனுங்க. ஒண்ணுஞ் சொல்லலீங்க. சரி, பெரியவரு வரலீன்னு கெளம்பிப்போட்டனுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். போன் சும்மா இருந்தால் வழி நல்லது என்று அர்த்தம். இத்தனை வருஷம் அவர் அப்படித்தான் உயிரோடு சொசைட்டிக்குப் போய் வந்திருக்கிறார். இந்தக் கணக்கு எங்கள் இரண்டு படித்த மண்டைகளில் எதற்கும் தெரிந்திருக்கவில்லை.

மச்சினனுக்குப் போன் செய்தேன். முதலில் பதறினார், அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு அவருடைய பாஷைக்குத் திரும்பிவிட்டார். யூபிஎஸ் போட்டிருக்க வேண்டுமாம். வேறு ஊரில் இன்னும் இரண்டு பேர் வீட்டில் சர்வர் இருந்தால் ஒன்று படுத்தாலும் மற்றது தாங்குமாம். "ஆனா ஒண்ணு மாமா, ஒரு மெசேஜ்கூட வெளிய லீக் ஆகலை" என்றார். உண்மைதான். பாட்டில் எறிந்தவனுக்குத் தெரியவில்லை, கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லை, பால்காரம்மாவுக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வாசலில் காறித் துப்பினேன்.  மாமியார் பாவம், "ஊட்டைப் பூட்டிட்டுப் போறவ மெயினை அணைக்காமப் போவாளாங்க மாப்ள?" என்று அழுதார். ஊருக்குப் போகும்போது நானும் அதைத்தான் அணைத்துவிட்டுப் போகிறேன்.

பழைய ஆப்புக்கே திரும்பிவிட்டோம். ரோஜாப்பூ வருகிறது, பாட்டி வைத்தியம் வருகிறது, பைக்குகளும் வருகின்றன. ஐந்து மாதம் கழித்துப் பால்காரம்மா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். மாடு கறந்தாக வேண்டுமே. ஆனால் குரூப்பை அவர் இப்போது கேட்பதில்லை. ஐந்து மணிக்கு எனக்கு நேராகக் கூப்பிடுகிறார். "ஏனுங்க, கெளம்பட்டுங்களா?" நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்க என்று சொல்ல வேண்டும்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஆறரை மணி. போனில் அவரிடமிருந்து ஒன்பது அழைப்புகள்.  செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அவர் வளவுக்குள், நிறைந்த கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொசைட்டி மூடியிருக்கும், பால் வீண்தான்.

"நீங்க எடுக்கலீங்க. அதான் கெளம்பலீங்க" என்றார்.